வந்தியத்தேவன் வந்த வழி: வீராணம் ஏரிக்கரைச் சாலை பற்றிச் சில ஐயங்கள்

வெள்ளாற்றங்கரையான்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் சேத்தியாத்தோப்பு. வீராணம் ஏரியின் வடமுனை எங்களுக்குக் கூப்பிடு தூரம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலைப் பள்ளி நாள்களில் படித்தபோது, முதல் அத்தியாயத்தில் வரும் வீரநாராயண ஏரி என்பது நாங்கள் மிதிவண்டியில் காட்டுமன்னார்கோயில் போகும் வழியில் இருக்கும் ஏரியேதான் என்பதை என்னால் எளிதில் நம்ப முடியவில்லை. ஆசிரியரே அந்தப் பெயர் சிதைந்து இப்போது வீராணத்து ஏரி என்று வழங்குகிறது என்று எழுதியிருந்தும், புத்தகத்து ஏரி வேறு, எங்கள் ஏரி வேறு என்றே வெகுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

சென்ற ஆடி மாதத்தில், நாவலின் முதல் இரண்டு அத்தியாயங்களை மீண்டும் படித்துவிட்டு, சேத்தியாத்தோப்பிலிருந்து பூதங்குடி வழியாக லால்பேட்டை வரை கிழக்குக் கரைச் சாலையில் மெதுவாகச் சென்றேன். சாலை சில இடங்களில் கரையின் மேலேயே ஓடுகிறது; சில இடங்களில் கரைக்குக் கீழே இறங்கி அதை ஒட்டிச் செல்கிறது. மேலே ஏறும்போதெல்லாம் வலப்புறம் கண்ணுக்கெட்டிய தூரம் நீர். இடப்புறம் கரையைவிடத் தாழ்ந்து கிடக்கும் வயல்கள். நாவலில் காஞ்சியிலிருந்து தஞ்சைக்கு ஓலை கொண்டுபோகும் வீரன் வந்தியத்தேவனும் இதே போல வடக்கிலிருந்து தெற்கே வருகிறவன்தானே என்ற எண்ணம் அப்போது வந்தது. அதிலிருந்துதான் என் ஐயங்களும் பிறந்தன.

அவன் வந்தது இந்தக் கிழக்குக் கரை வழியாகத்தானா என்பது என் முதல் ஐயம். அவ்வாறாயின், இத்தனை நீண்ட கதையைத் தொடங்குவதற்கு அரண்மனையையோ போர்க்களத்தையோ தேர்ந்துகொள்ளாமல், ஓர் ஏரிக்கரை மண்பாதையை ஆசிரியர் தேர்ந்துகொண்டதற்கு நிலத்தின் அமைப்பிலேயே காரணம் ஏதேனும் உண்டா என்பது அடுத்த ஐயம். உள்ளூர் நண்பர்களும் நீர்ப்பாசனம் அறிந்தவர்களும் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

கணக்குப்பிள்ளை:

நல்ல கேள்வி. அளவுகளிலிருந்து தொடங்கலாம். நாவலின் தொடக்கத்தில் மூன்று அளவுகள் வருகின்றன. தில்லைக்கு மேற்கே இரண்டு காத தூரத்தில் ஏரி இருக்கிறது. அது தெற்கு வடக்கில் ஒன்றரைக் காத நீளமும், கிழக்கு மேற்கில் அரைக் காத அகலமும் உடையது. காதம் என்பதைச் சுமார் 10 மைல் என்று கொள்வதே வழக்கம். அந்தக் கணக்கில் ஏரியின் நீளம் 24 கிலோமீட்டர் ஆகிவிடும். உண்மையில் அது சுமார் 14 முதல் 16 கிலோமீட்டர் வரைதான். இதைச் சுட்டிக்காட்டி, ‘கதாசிரியர் மிகைப்படுத்திவிட்டார்’ என்று சொல்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

ஆனால் மூன்று அளவுகளையும் சேர்த்துப் பாருங்கள். சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் சுமார் 25 கிலோமீட்டர். அதை இரண்டு காதம் என்றால் ஒரு காதம் பன்னிரண்டரை கிலோமீட்டர் ஆகிறது. ஏரியின் நீளத்திலிருந்து கணக்கிட்டால் ஒரு காதம் பத்து கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. அகலம் நான்கைந்து கிலோமீட்டர் என்பதிலிருந்து கணக்கிட்டாலும் எட்டிலிருந்து பத்துக்குள் வருகிறது. அதாவது, அவருடைய காதம் அகராதிக் காதத்தைவிடக் குட்டையானது. ஆனால் மூன்று இடங்களிலும் ஏறத்தாழ ஒரே குட்டையாக இருக்கிறது. வாய்க்கு வந்த எண்களை எழுதியவருக்கு இந்த விகிதப் பொருத்தம் அமையாது. இடத்தை நேரில் அறிந்த ஒருவர், நடைதூரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சொன்ன அளவுகள் இவை என்பது என் துணிபு.

அவர் பிறந்த புத்தமங்கலம், மணல்மேட்டுக்கு அருகே, கொள்ளிடத்துக்குத் தென்கரைப் பக்கம் இருக்கிறது. ஆற்றைக் கடந்தால் காட்டுமன்னார்கோயில் சீமை. வீராணம் அவருக்கு நூலகத்தில் கிடைத்த ஏரி அன்று.

பழைய மதகுக்காரன்:

நீர்ப்பாசனப் பணியில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். இன்று நீங்கள் வண்டியில் போன கரையை வந்தியத்தேவன் குதிரை மிதித்த கரை என்று அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டா. மண்கரை என்பது ஒருமுறை கட்டிவிட்டு மறந்துபோகிற பொருள் அன்று. மழையில் கரைவதும், அலையில் அரிப்பதும், மீண்டும் மண் கொட்டி உயர்த்துவதும் ஆயிரம் ஆண்டுகளாக நடந்துவந்திருக்கின்றன. சென்னைக் குடிநீருக்கான புதிய வீராணம் திட்டம் 2004ஆம் ஆண்டில் செயற்பாட்டுக்கு வந்தபோது கூடக் கரைகள் பலப்படுத்தப்பட்டன. சோழர் காலத்துக் கரையின் மேல் இத்தனை தலைமுறை மண் ஏறியிருக்கிறது. ஆனால் கரை ஓடும் கோடு பெரிதாக மாறியிருக்க வாய்ப்பில்லை. ஏனென்றால், ஏரியைத் தாங்கும் கரையை நினைத்தபடி நகர்த்த முடியாது, நிலத்தின் சாய்வுதான் அதன் இடத்தைத் தீர்மானிக்கிறது. இங்கே நிலம் கடலை நோக்கிக் கிழக்கே சரிகிறது. ஆகவே நீரைத் தடுத்து நிறுத்தும் பெரிய கரை கிழக்கில் இருந்தே ஆக வேண்டும். பாசனமும் பெரும்பாலும் அந்தப் பக்கமே.

ஏரிக்கு நீர் கொள்ளிடத்திலிருந்து வடவாறு வழியாக வருகிறது. நாவலும் அதையே சொல்கிறது. இன்று அந்த நீரைத் திருப்பித் தருவது கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள கீழணை. அதை 1836இல் ஆர்தர் காட்டன் கட்டினார். அதற்கு முன்பு ஆற்றில் நீர் உயர்ந்தால்தான் வடவாற்றில் ஏறும். கதை நடக்கும் காலத்துக்கும் அது பொருந்தும்.

செய்தித்தாளில் ‘வீராணம் 47.5 அடியை எட்டியது’ என்று படித்துவிட்டு, ஏரி அத்தனை ஆழம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது கடல் மட்டத்திலிருந்து கணக்கிடும் உயரம், ஆழம் அன்று. முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. இத்தனை பரப்புக்கு இது மிகவும் ஆழங்குறைந்த ஏரி. அதனால்தான் அரசவிருந்தினர் வரும் ஓடங்கள் எல்லாம் அங்கே மிதந்தன என்று படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். நீர் நிறைந்த நாளில் மிதக்கும். வைகாசியில் அதே இடத்தில் மாடு மேயும்.

ஊர்சுற்றி:

தஞ்சைக்கு அவசரமாக ஓலை கொண்டுபோகிறவன் கிழக்குக் கரையில் ஏன் வர வேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை. இன்றைய விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நெடுஞ்சாலையைப் பாருங்கள். பண்ணுருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு வரை வந்து, பிறகு ஏரியை இடப்புறம் விட்டுவிட்டு, சோழத்தரம், மீன்சுருட்டி வழியாக அணைக்கரைக்குப் போய்க் கொள்ளிடத்தைக் கடக்கிறது. அதாவது நெடுஞ்சாலை ஏரிக்கு மேற்கே செல்கிறது. குதிரையில் வருகிறவனுக்கும் அதுதானே நேர்வழி? ஆடிப்பெருக்கன்று ஊர் முழுவதும் கூடியிருக்கும் கரை மீது குதிரையை ஓட்டிக்கொண்டு போவது அவசரக்காரன் செய்கிற வேலையாகத் தெரியவில்லை.

வெள்ளாற்றங்கரையான்:

ஊர்சுற்றி அவர்களே, அவன் அவசரக்காரன் என்று யார் சொன்னது? முதல் அத்தியாயத்தில் அவனும் குதிரையும் நெடுந்தூரம் வந்து களைத்திருக்கிறார்கள். குதிரை மெல்ல நடக்கிறது. அவன் அதைத் துரத்தவில்லை. முதன்முதலாகச் சோழநாட்டு வளத்தைக் காண்கிற இளைஞன் வாயைப் பிளந்துகொண்டு வேடிக்கை பார்க்கிறான். குடும்பம் குடும்பமாகக் கரையில் உட்கார்ந்து சித்திரான்னம் உண்பவர்களையும், தென்னங்குருத்துச் சப்பரங்களை இழுத்துவரும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டே வருகிறான். நேர்வழியைப் பற்றி நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் நேர்வழியில் போயிருந்தால் அவன் எதையும் பார்த்திருக்க மாட்டான், நாமும் பார்த்திருக்க மாட்டோம்.

மற்றொன்று. இன்றைய நெடுஞ்சாலை அணைக்கரையை நோக்கிப் போவதற்குக் காரணம், அங்கே கீழணை மேல் பாலம் இருப்பது. 1836க்கு முன் அந்த ஈர்ப்பே கிடையாது. ஓடத்துறை எங்கே இருந்ததோ அங்கேதான் சாலை போயிருக்கும். நாவலிலும் அவன் கொள்ளிடத்தை ஓடத்தில்தான் கடக்கிறான். ஆகவே, பத்தாம் நூற்றாண்டுப் பயணிக்கு இன்றைய நெடுஞ்சாலையை நேர்வழி என்று விதிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஊர்சுற்றி:

பாலத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். அதை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் நாவலில் கிழக்குக் கரை என்று வெளிப்படையாக எழுதியிருப்பதாக எனக்கு நினைவில்லை. ஏரிக்கரை என்றுதான் இருக்கிறது. பழைய மதகுக்காரர் சொல்வது நிலத்தின் நியாயம். நாவலின் சான்று வேண்டுமே.

உடையார்குடி மகள்:

இந்த உரையாடலைச் சில நாள்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் பிறந்து வளர்ந்த ஊர் காட்டுமன்னார்கோயில் என்பதால், அந்தப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

எங்கள் ஊர்தான் கல்வெட்டுகளில் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். வீரநாராயணன் என்பது முதலாம் பராந்தகனின் விருதுப்பெயர். ஏரிக்கும் ஊருக்கும் அந்தப் பெயரே இடப்பட்டது. அவனுடைய மகன் இராசாதித்தன் பெரும்படையோடு திருமுனைப்பாடி நாட்டில் தங்கியிருந்தபோது, போர்வீரர்கள் சும்மா இருக்கக் கூடாது என்று அவர்களைக் கொண்டு இந்த ஏரியை அமைத்தான் என்பதை வந்தியத்தேவன் கரையில் வரும்போதே நினைத்துப் பார்க்கிறான். இராசாதித்தன் 949இல் தக்கோலப் போரில் இறந்துபோனான். வெட்டியவனுக்கு நிறைந்த ஏரியைக் கண்டு மகிழ எத்தனை ஆடி கிடைத்ததோ, தெரியவில்லை. நாதமுனிகளும் ஆளவந்தாரும் பிறந்த ஊர் என்பதால் வைணவர்களுக்கு இது திருத்தலம். நாவலில் வரும் வைணவ அடியவன் ஆழ்வார்க்கடியான் பாசுரம் பாடும் விண்ணகரக் கோயில் இன்றும் இருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது இந்தப் பெருமைகளைப் பற்றி அன்று. எங்கள் ஊரின் உடையார்குடிப் பகுதியில் அனந்தீசுவரர் கோயில் என்றொரு சிவன் கோயில் இருக்கிறது. அதன் சுவரில் இராசகேசரி என்ற பட்டம் கொண்ட சோழ அரசன் ஒருவனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. அந்த அரசன் முதலாம் இராசராசன் என்பதே பெரும்பான்மை ஆய்வாளர்களின் கருத்து. பாண்டியன் தலைகொண்ட கரிகாலனைக் கொன்று துரோகிகளான சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோருடையனவும் அவர்களின் உறவினர்களுடையனவுமான உடைமைகளைப் பறிமுதல் செய்யும் அரசாணையை அது குறிப்பிடுகிறது. வரலாற்றறிஞர் நீலகண்ட சாத்திரியார் இந்தக் கல்வெட்டைப் பதிப்பித்து எழுதிய பிறகுதான் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை பற்றிய விவாதமே சூடு பிடித்தது. அதன் வாசகங்களைப் பொருள்கொள்வதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

இப்போது நாவலைப் பாருங்கள். இரவிதாசன், சோமன் சாம்பவன் என்ற சதிகாரர்களின் பெயர்கள் இந்தக் கல்லிலிருந்து வந்தவை. கரிகாலன் கொல்லப்படும் இடமாக ஆசிரியர் அமைத்த கடம்பூர் அரண்மனை கற்பனை. ஆனால் மேலக்கடம்பூர் என்ற ஊர் காட்டுமன்னார்கோயிலுக்குத் தென்மேற்கே சில கிலோமீட்டரில் இருக்கிறது. தேர் வடிவத்தில் கட்டிய சிவன் கோயில் ஒன்று அங்கே உண்டு; ஆனால் இன்று நாம் காணும் கற்றளி முதலாம் குலோத்துங்கன் காலத்தது, கதைக்குப் பிற்பட்டது. வந்தியத்தேவன் ஏரிக்கரையில் வந்த அன்றிரவே கடம்பூரில் தங்குகிறான். சதியின் முதல் முணுமுணுப்பை அங்கே கேட்கிறான். ஐந்து பாகங்கள் ஓடும் கதையின் முதல் நாள் பயணமும், கதையின் மிகப்பெரிய சாவும், அந்தச் சாவுக்குக் கிடைத்த ஒரே கல் சாட்சியும் எல்லாம் ஒரே வட்டாரத்துக்குள், மாட்டுவண்டியில் ஒரே நாளில் சுற்றிவந்துவிடக்கூடிய தூரத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

வெள்ளாற்றங்கரையார் கேட்ட இரண்டாவது கேள்விக்கு என் விடை இதுதான். கரையின் அழகுக்காக மட்டும் ஆசிரியர் அங்கே தொடங்கவில்லை. கொலைக்கு ஆதாரம் இருக்கும் ஊரின் வாசலில் கதாநாயகனைக் கொண்டுவந்து நிறுத்தி, அவனுக்கு எதுவும் தெரியாதபடி, திருவிழாவை வேடிக்கை பார்க்க வைத்திருக்கிறார்.

கணக்குப்பிள்ளை:

அம்மா, அருமையான குறிப்பு. நான் இதுவரை கடம்பூரையும் உடையார்குடியையும் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு சிறிய தயக்கம். கல்வெட்டை மனத்தில் வைத்துத்தான் ஏரிக்கரையில் தொடங்கினார் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியுமா? காஞ்சிக்கும் தஞ்சைக்கும் இடையில் சோழநாட்டின் வளத்தைக் காட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லையே. இரண்டும் தற்செயலாகவும் சேர்ந்திருக்கலாம்.

உடையார்குடி மகள்:

சேர்ந்திருக்கலாம், மறுக்கவில்லை ஐயா. ஆனால் கொலையைக் காஞ்சியிலோ தஞ்சையிலோ நடத்தாமல் கடம்பூரில் நடத்தியது தற்செயல் அன்று. அந்தத் தேர்வுக்கும் கல்வெட்டு இருக்கும் ஊருக்கும் தொடர்பு இல்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை. கடம்பூர் முடிவாகிவிட்டால், வடக்கிலிருந்து கடம்பூருக்கு வரும் வழி ஏரிக்கரைதான். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

லால்பேட்டைக்காரன்:

நான் இப்போது வளைகுடாவில் இருக்கிறேன். ஆனால் கரை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எங்கள் ஊர்க் கரைதான் நினைவுக்கு வரும். அசர் தொழுகை முடிந்ததும் சிறுவர்கள் எல்லாரும் கரை மேல் ஏறிவிடுவோம். கீழே கிழக்குப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்களும் வயல்களும், மேலே நாங்கள், மேற்கே ஏரி. எங்கள் வட்டாரம் தட்டையான நிலம். மலை இல்லை, மேடு இல்லை. மாடி வீடுகள் குறைவாக இருந்த அந்நாளில், கண்ணை ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் பள்ளிவாசல் மினாராவுக்கு அடுத்தபடி கரை ஒன்றுதான் உயரம்.

ஆகையால், ஒரே பார்வையில் நாட்டைக் காட்ட விரும்பும் ஆசிரியருக்குக் காவிரிப் படுகையில் ஏரிக்கரையை விட்டால் வேறு எங்கே உயரமான இடம் கிடைக்கும்? கதாநாயகனைக் குன்றின் மேல் நிறுத்த வேண்டுமானால் அவர் வேறு சீமைக்குப் போயிருக்க வேண்டும். பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்திதான்.

ஊர்சுற்றி:

இதுவரை வந்த பதில்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கரை ஒரு சாலையாகவும் இருக்கிறது, மேடையாகவும் இருக்கிறது. சிற்றரசர் பழுவேட்டரையரின் ஆள்கள் முன்னால் வந்து கூட்டத்தை விலக்குவதும், பாய் விரித்த ஓடங்கள் வருவதும், அவன் ஒதுங்கி நின்று பார்ப்பதும் சமதரையில் நடந்திருந்தால் கூட்டத்தின் முதுகைத்தான் பார்த்திருப்பான்.

வாசகசாலை:

ஒரு சிறிய மாற்றுக் கருத்து. நாவலை நிலப்படமாக வைத்துக்கொண்டு சாலையில் அளந்துபார்ப்பது சுவையான பொழுதுபோக்குதான். ஆனால் எல்லை தாண்டினால் எதையும் நிறுவிவிடலாம். 74 கணவாய்கள் என்று நாவலில் வருகிறதே, அவற்றை எண்ணிப் பார்த்தவர் யாராவது உண்டா? ‘கணவாய்’ என்றால் மலையிடுக்கு அல்லவா? மலையே இல்லாத ஊரில் 74 கணவாய்கள் எங்கிருந்து வந்தன?

பழைய மதகுக்காரன்:

வாசகசாலை அவர்களே, இந்தக் கேள்வி என் தொழிலோடு ஒட்டியது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏரிக்கரையில் நீர் வெளியேறும் திறப்புக்குக் கண் என்று பெயர். அதன் வாய் கண்வாய். கண்வாய்தான் பேச்சில் கணவாய் ஆகியிருக்கிறது. மலைக் கணவாயோடு இதற்கு உறவு ஏதும் வேண்டியதில்லை. தென்மாவட்டங்களில் ஏரியையே கண்மாய் என்று சொல்கிறார்களே, அதுவும் இதே கண்வாயிலிருந்து வந்தது என்றுதான் பொதுவாக விளக்கம் தருகிறார்கள். திறப்பின் பெயர் ஏரிக்கே ஆகிவந்த கதை அது. நாங்கள் அலுவலகத்தில் மதகு என்றே எழுதுவோம்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, இன்று பாசனத்துக்கு 34 மதகுகள் என்பது கணக்கு. அவற்றின் மூலம் 44,856 ஏக்கர் நிலம் பாசனம் பெறுகிறது. 74 என்பதற்கு வைணவ மரபில் ஒரு கதை வழங்குகிறது. இராமானுசர் 74 சிம்மாசனாதிபதிகளை, அதாவது ஆசாரியர்களை, ஏற்படுத்தியதை இந்த ஏரியின் மதகுகளோடு இணைத்துச் சொல்வார்கள். ஏரி நீர் மதகுகளின் வழியாக வயல்களுக்குப் போவதுபோல, அருள் ஆசாரியர்களின் வழியாக மக்களுக்குப் போகிறது என்பது அதன் உட்பொருள். அந்த எண்ணைத்தான் ஆசிரியர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். முற்காலத்தில் சிறிய திறப்புகள் நிறைய இருந்து, பின்னாளில் அவை ஒன்று சேர்க்கப்பட்டிருக்கவும் கூடும். அது என் ஊகம், அவ்வளவே.

இப்போது ஊர்சுற்றி கேட்ட நாவல் சான்றுக்கு வருகிறேன். இரண்டு நாள்களாக அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஏரியை ‘அலைகடல்’ என்று ஆசிரியர் சொல்கிறார். உவமைதானே என்று நாம் தாண்டிப் போய்விடுகிறோம். ஆடி மாதத்தில் இங்கே வீசுவது தென்மேற்குக் காற்று. காற்று நான்கைந்து கிலோமீட்டர் அகலமுள்ள திறந்த நீர்ப்பரப்பைக் குறுக்கே தள்ளிக்கொண்டு வந்து மோதுவது எந்தக் கரையில்? கிழக்குக் கரையில். மேற்குக் கரையில் நின்றால் காற்று முதுகில் படும். எதிரே நீர் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். கிழக்குக் கரையில் நின்றால்தான் அலை வந்து அடிப்பது தெரியும். அந்தப் பக்கத்துக் கரைச்சரிவில் கல் பதிப்பதும் இந்த அலைக்குப் பயந்துதான். ஆடிக்காற்றில் இரவில் கரை காத்தவர்களுக்கு அந்த ஓசை மறக்காது. கடல் என்ற உவமை ஆடியில், கிழக்குக் கரையில் நிற்பவனுக்கு மட்டுமே முழுதாகப் பொருந்தும்.

வாசகசாலை:

கண்வாய் விளக்கத்துக்கு நன்றி. அலைகடலையும் ஒப்புக்கொள்கிறேன். உவமையை நான் உவமையாக மட்டும் படித்தது என் தவறு.

வெள்ளாற்றங்கரையான்:

மதகுக்காரர் ஐயா சொன்னதைப் படித்ததும் நாவலை மீண்டும் எடுத்தேன். கதை தொடங்குவது ஆடி பதினெட்டாம் நாள் ‘முன் மாலை’ நேரத்தில். கிழக்குக் கரையில் தெற்கு நோக்கி வருகிறவனுக்கு அந்த நேரத்தில் வெயில் வலப்பக்கம், நீருக்கு மேலே இருக்கும். நீர்ப்பரப்பு முழுவதும் ஒளி உடைந்து மின்னும். நான் சென்றதும் அந்த நேரத்தில்தான். இதைச் சான்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் காற்று, ஒளி, நிலச்சரிவு மூன்றும் ஒரே கரையைக் காட்டுகின்றன.

மேட்டூர் அணை 1934இல் வந்த பிறகு, ஆடிப்பெருக்கன்று வடவாற்றில் நீர் வருவது கருநாடகத்து மழையை மட்டும் பொறுத்ததாக இல்லாமல், அணை திறப்பையும் பொறுத்ததாகிவிட்டது. சில ஆண்டுகளில் ஆடி பதினெட்டில் ஏரி நிறைந்திருக்கும். சில ஆண்டுகளில் நடுவில் மண் தெரியும். நாவலைக் கையில் எடுத்துக்கொண்டு வர விரும்பும் நண்பர்கள், நீர்மட்டம் எவ்வளவு என்று செய்தித்தாளில் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

லால்பேட்டைக்காரன்:

வடக்கிலிருந்து வருகிறவர்கள் லால்பேட்டையோடு திரும்பிவிடாதீர்கள். அங்கிருந்து காட்டுமன்னார்கோயில் மிக அருகில். உடையார்குடிக் கோயிலையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

உடையார்குடி மகள்:

பிற்பகலில் கோயில் நடை சாத்தியிருக்கும். கரையில் முன்மாலையும் வேண்டும், கல்வெட்டும் வேண்டும் என்றால், காலையிலேயே எங்கள் ஊருக்கு வந்து கல்வெட்டைப் பார்த்துவிட்டு, மாலையில் சேத்தியாத்தோப்புப் பக்கம் போய் அங்கிருந்து தெற்கே திரும்ப வேண்டும். கதையைப் பின்னாலிருந்து படிப்பதுபோல ஆகிவிடும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

ஊர்சுற்றி:

வரும் ஆடியில் அப்படியே செய்கிறேன். ஆனால் திரும்பும்போது மேற்கு நெடுஞ்சாலையில்தான் வருவேன். என் பிடிவாதத்துக்கு அதையாவது விட்டுவையுங்கள்.